கோமளாக்கா வண்டி

"வண்டியில ஏதாச்சும் வாசம் வருதுங்களா?"

வாடகைக் காரில் ஏறியவர் கதவைச் சாத்தியதும் கோமளா கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஓ.டி.பி. எண்ணெல்லாம் அதற்குப் பிறகு. புதிதாக வருகிறவர்கள் விழித்துவிட்டு, மூச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்து, "இல்லீங்களே" என்பார்கள். "அப்பச் சரிங்க" என்று கியரைப் போடுவார். யாராவது தயங்கி, "லேசா மீன் வாசம்" என்றுவிட்டால் போதும். வண்டி ஓரங்கட்டப்படும். முந்தைய சவாரிக்காரர் பை சாய்ந்த இடத்தைத் தேடித் துடைத்த பிறகே நகரும்.

சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்று துணியில் ஓட்டையும் கறையும் தேடித் தேடிப் பழகிய கண்கள். இப்போது அவை புஷ்பா தியேட்டர் பக்கத்து நெரிசலில் சந்து தேடுகின்றன. கைப்பேசி வரைபடம் இடதுபக்கம் திரும்பச் சொன்னால் சட்டை செய்வதில்லை. "கம்பெனி விடற நேரமுன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?"

கொரோனாவுக்கு முன்னால் அவருடைய தொழில் ரயிலோடு ஓடியது. சென்னை ரயில் வந்து நின்றால் கைப்பேசி ஓயாது. ஆர்டர் பேச வருகிற வெளியூர் ஆட்கள், துணி வாங்குகிறவர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிக்க, சாம்பிள் பையோடு இறங்குகிற மெர்ச்சண்டைசர்கள், திரும்பும்போது கோவை விமான நிலையம். ஊரடங்கு வந்த அன்று எல்லாம் நின்றது. வடநாட்டுத் தொழிலாளிகள் ஊர் திரும்பினார்கள், கம்பெனிகள் பூட்டிக்கொண்டன. கோமளா மட்டும் தினமும் காலையில் வண்டியைக் கிளப்பி, சற்று உறுமவிட்டு அணைப்பார். பேட்டரி இறங்கிவிடக் கூடாதாம். ஊரடங்கு தளர்ந்து கைப்பேசியில் டாக்சி ஆப்பைத் திறந்தபோதும் நகரத்து வரைபடத்தில் சும்மா நிற்கிற கார்களின் படம்தான் எறும்பு மொய்த்ததுபோலத் தெரிந்தது. கூப்பிட ஆளில்லை.

அடுத்த சித்திரையில் இரண்டாவது அலை ஏறியது. அப்போது கூப்பிட்டவர்கள் வேறு ஆட்கள். ஒருநாள் முற்பகலில் வந்த அழைப்பை எடுத்ததுமே எதிர்முனை கெஞ்சியது. "அக்கா, நீங்களாச்சும் கேன்சல் பண்ணிறாதீங்க. ஆஸ்பத்திரின்னு சொன்னதும் எல்லாரும் வெச்சிர்றாங்க. எங்கம்மாவுக்கு மூச்சு வாங்குதுங்க." இளங்கோ என்று பெயர் சொன்னான், காங்கேயம் சாலைப் பக்கம் ஒரு கம்பெனியில் அயர்னிங் வேலை.

கணவர் நாச்சிமுத்து வாசலில் நின்றார். தையல் மெஷின்காரர், வேலை நின்று வீட்டில் இருந்த நேரம். "போகாத. புள்ளைக்கு வீசிங் இருக்குது, நீ எதையாச்சும் தூக்கிட்டு ஊட்டுக்கு வந்தா என்ன பண்றது?"

கோமளாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. மகள் யாழினி இரவில் இழுக்கிற மூச்சுச் சத்தம் அவர் காதை விட்டுப் போனதே இல்லை. அந்தச் சத்தம் கேட்டுப் பழகியதால்தான் போகாமல் இருக்க முடியவில்லை என்று இப்போது சொல்கிறார். அன்று சொன்னது இவ்வளவுதான்: "நான் ஊட்டுக்குள்ள வரலீங்க. வண்டியிலயே படுத்துக்கறேன்."

இளங்கோவின் அம்மா பழனாத்தாளைப் பின்சீட்டில் சாய்த்து வைத்தார்கள். முதல் ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. பெருந்துறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி வழியாக விரட்டினார். பழனாத்தாளுக்குக் கண் சொருகியது. மகன் அழ ஆரம்பித்தான்.

"தம்பி, அழுகாதீங்க, பேச்சுக் குடுங்க," என்ற கோமளா, கண்ணாடியில் அவளைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "ஆத்தா, ஊத்துக்குளி வந்தாச்சுங்க. வெண்ணெய் வாங்கிக்கலாமுங்களா?"

மறுபடி கேட்டார். மூன்றாம் முறை பழனாத்தாளின் உதடு அசைந்தது. "உருக்கற வேல... ஆரு பாக்கறது? நெய்யாவே வாங்கு கண்ணு."

இளங்கோ அழுதபடியே சிரித்துவிட்டான். பெருந்துறையில் இடம் கிடைத்தது. பழனாத்தாள் பிழைத்துக்கொண்டாள்.

கோமளாவுக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்திய காரிலேயே கிடந்தார். நாச்சிமுத்து சோற்றுப் போசியைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். யாழினிக்கு ஒன்றும் வரவில்லை. காய்ச்சல் விட்டு, மறுபடி சாவியை எடுத்த அன்று நாச்சிமுத்து தடுக்கவில்லை. பனியன் பேக் செய்கிற பாலித்தீனை இரண்டு மடிப்பாக்கி, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைத்து, ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் தடுப்புத் திரையாகத் தானே மாட்டிக் கொடுத்தார்.

காய்ச்சலோடு போன வாசனை மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. அவருக்கு மல்லிகைப்பூவும் டீசலும் ஒன்றுதான். அனுதாபம் காட்டினால் சிரிப்பார். "மூக்குதானுங்க போச்சு. வண்டி ஓட்ட மூக்கு எதுக்குங்க?"

இளங்கோ தெரிந்தவர்களுக்குக் கொடுத்த கோமளாவின் எண், கை மாறிக் கை மாறி ஊர் சுற்றியது. தடுப்பூசி போடப் போகிறவர்கள், பஸ்ஸில் ஏறப் பயந்தவர்கள், டயாலிசிஸ்காரர்கள் எல்லாரும், "கோமளாக்கா வண்டி வருமுங்களா?" என்று நேராகக் கேட்டார்கள். பழைய சவாரி முழுசாகத் திரும்பவில்லை. "பாதி ஆளுக வீடியோவுலயே ஆர்டர் பேசிக்கறாங்க. சாம்பிளு கூரியர்ல போயிருது. கிட்டத்துல போறவங்க பைக் டாக்சில ஏறிக்கறாங்க. நமக்கென்னங்க, தூரத்துச் சவாரி இருக்குது, ஆஸ்பத்திரிச் சவாரி இருக்குது." ஆப்பையும் விடவில்லை. ஆனால் அது கூப்பிடாத நாளிலும் வண்டி நிற்பதில்லை.

போன வாரம் ரயிலடியில் ஒரு மெர்ச்சண்டைசர் பெண் ஏற வந்தாள். முகத்தில் மாஸ்க், விடாத இருமல். வண்டிக்கு வெளியே நின்றபடியே, "சாதாரணச் சளிதாங்க. வேணும்னா கேன்சல் பண்ணிக்கோங்க, இல்லன்னா பின்னாடி ஓரமா உக்காந்துக்கறேன்," என்றாள்.

கோமளா எட்டி முன்கதவைத் திறந்தார். பக்கத்து சீட்டில் இருந்த தன் டிபன் பையைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, அந்த இடத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.