செல்வத்தின் கறுப்பு மண்

1. முதல் நாள் கவாத்து

நானும் செல்வமும் ஒரே நாளில்தான் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்தோம். இருவருக்கும் கவாத்து வேலை கொடுத்தார்கள். வளர்ந்த தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவாத்து. சாய்வாக, ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். தண்டு பிளந்தால் செடி அழுகிப்போகும். நான் என் நிரையில் பாதி தாண்டுவதற்குள் செல்வம் அவன் நிரையை முடித்துவிட்டுக் கீழே உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்துவிட்டான். அவன் வெட்டிய தண்டில் ஒன்றுகூடப் பிளக்கவில்லை.

வேலை வாங்கும் கங்காணி என்னைப் பார்த்து, "என்னாடா, செடிய தடவிக்கிட்டு நிக்கிற? அவனப் பாரு" என்றார்.

அன்று பற்றிய வயிற்றெரிச்சல் நான் ஓய்வு பெற்ற பிறகும் அணையவில்லை. இதைப் படிக்கும் இளைய பிள்ளைகள் என்னைப் பெரிய மனிதன் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. லோரி

சில வருடங்களில் செல்வம் வேலையை விட்டுவிட்டான். எங்கள் மலைக்கு நேர் கீழே, ஆற்றோரம், அரசாங்க நிலத்தை வருடாந்திர லைசன்சில் எடுத்துக் காய்கறி போட்டான். ஒழிந்தான் என்று நினைத்தேன். நான் கங்காணி ஆனேன். ஜெயித்துவிட்ட மிதப்பில் கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு அவன் லோரி வாங்கினான். சாயங்காலம் நான் வேலை முடிந்து மேடேறி நடக்கும்போது நாங்கள் கோபிஸ் என்று சொல்லும் முட்டைக்கோஸை ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போவான். என்னைக் கண்டதும் நிறுத்துவான்.

"ஏறு லா ஆறுமுகம், லயத்து வீட்டுல விட்டுட்டுப் போறேன்."

"கால் நல்லாதான் இருக்கு. நீ போ."

கொட்டும் மழையிலும் அதையேதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அவன்தான். "செல்வம் அண்ணன் குடுத்துவிட்ட கோபிஸ் எவ்ளோ இனிப்பு, சாப்பிட்டுப் பாருங்க" என்பாள் மனைவி. வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் அந்தப் பக்கம் போனதும் ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள இரண்டு கரண்டி போட்டுக்கொள்வேன். இனிப்பாகத்தான் இருக்கும். அதுதான் கோபமே.

லோரிகூடப் போகட்டும். அந்த மண்ணைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கோழிச் சாணமும் மக்கிய இலையும் போட்டுப் போட்டு அதைக் கறுப்பாக்கி வைத்திருந்தான். கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும். "என் மண்ணு" என்பான். "லைசன்ஸ் மண்ணுதானே?" என்று குத்துவேன். "லைசன்ஸ் அரசாங்கத்துது, கறுப்பு என்னுது லா" என்று சிரிப்பான். நான் இத்தனை காலம் காவல் காத்த மலையில் ஒரு செடியைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாது.

3. சுத்தமான மலை

கவாத்து முடிந்ததும் வெட்டிய கிளைகளை அள்ளக் கூடாது. நிரைகளுக்கு நடுவே அப்படியே பரப்பிவிட வேண்டும். செடிகள் மொட்டையாக நிற்கும் அந்த மாதங்களில் மண்ணுக்கு அதுதான் போர்வை. இந்த வேலைக்கு வருகிற எவரும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

நான் கங்காணியாக இருந்த ஒரு வருடம், மலை உச்சியில் டீக்கடை ஒன்றைத் தோட்டமே திறந்திருந்தது. கண்ணாடி போட்ட பெரிய கடை, டூரிஸ்ட் கூட்டம். எங்கள் மேனேஜரை இன்றும் துரை என்றுதான் கூப்பிடுவோம். படித்த மனிதர், அதட்டாமல் பேசுவார். என்னை அழைத்தார்.

"கங்காணி, மேலேர்ந்து எல்லாரும் படம் எடுக்கிறாங்க. கெளையெல்லாம் குப்ப மாதிரி தெரியுது. அள்ளிருங்க."

"மழ வந்தா மண்ணு நிக்காது துரை."

"மழைக்கு இன்னும் நாளிருக்கு. பாத்துக்கலாம்."

அள்ளினோம். மலை சீவிவிட்ட தலைபோல் பளிச்சென்று இருந்தது. மழை நாள் பார்த்து வரவில்லை, முன்னாலேயே வந்துவிட்டது. ஒரே மத்தியானத்தில் சரிவிலிருந்த மஞ்சள் மண் கரைந்து இறங்கி, செல்வத்தின் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் புகுந்து, முட்டைக்கோஸை மூடி, ஆற்றில் போய் விழுந்தது. நான் மேலே நின்று பார்த்தேன். பாவம் என்று நெஞ்சு சொன்னது. அதற்கு அடியில் எங்கேயோ ஒரு மூலை குளிர்ந்ததையும் மறைக்க மாட்டேன்.

4. அவன் வாய் திறக்கவில்லை

ஆறு சேறாகிவிட்டது என்று புகார் போனது. ஏற்கெனவே அந்தப் பள்ளத்தாக்கில் ஓட்டல் கட்ட ஒரு கம்பெனி நிலம் கேட்டுக்கொண்டிருந்தது. காய்கறிக்காரர்களால்தான் மண் சரிகிறது என்று முடிவானால் லைசன்ஸ் புதுப்பிக்கப்படாது. செல்வமும் அக்கம்பக்கத்தில் பயிர் வைத்தவர்களும் கிளம்ப வேண்டியதுதான்.

பார்வையிட ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. துரை மறுபடியும் கூப்பிட்டார்.

"நீங்களே கூட்டிட்டுப் போங்க கங்காணி. மண்ணு கீழ காய்கறி கெபுன்லேர்ந்துதான் எறங்குதுன்னு சொல்லிருங்க. நம்ம பேரு அடிபடக் கூடாது."

தலையாட்டினேன். நான் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் நின்று செல்வத்தின் பக்கம் கையைக் காட்டினால் போதும். லோரி போகும், கறுப்பு மண் போகும், என் வயிற்றெரிச்சலும் போகும். இறங்கிப் போகும் வழியெல்லாம் அந்த நினைப்பு இனித்தது.

வந்தவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி; மரியாதைக்குப் புவான் என்று கூப்பிடுவோம். ரப்பர் பூட்ஸோடு சேற்றில் இறங்கிவிட்டார். செல்வம் புதைந்துபோன பாத்தி நடுவில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். அவர் மலாயில் கேட்டார்: "இந்தச் சேறு எங்கிருந்து வந்தது?"

செல்வம் மலையை நிமிர்ந்து பார்த்தான். கவாத்து தெரிந்தவன் அவன். மொட்டை மலையில் ஒரு கிளைகூட இல்லாததைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். பிறகு என்னைப் பார்த்தான். "பெரிய மழை, புவான். மழைய யாரு என்ன செய்ய முடியும்?" என்று மலாயில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

என் வேலைக்கு ஆபத்து வரக் கூடாதென்று, தன் நிலமே போகிற நேரத்தில், வாயை மூடிக்கொண்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது! கத்தி பிடித்த முதல் நாளிலிருந்து எல்லாவற்றிலும் முந்தினான். இப்போது பெருந்தன்மையிலும் முந்தப் பார்க்கிறானா? இதையும் விட்டுக்கொடுத்தால் நான் மிச்ச வாழ்க்கையை எப்படித் தள்ளுவது?

"மழ இல்ல புவான், எங்க மலை" என்றேன். குரல் சண்டைக்குப் போகிற மாதிரி வந்தது. "கவாத்துக் கெளைய அள்ளிட்டோம். மண்ணு எங்க மண்ணு."

அந்த அம்மா குனிந்து மேலே கிடந்த சேற்றைக் கொஞ்சம் எடுத்தார். மஞ்சள். அதை விலக்கி அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். கறுப்பு. இரண்டு கையையும் பார்த்துவிட்டு மலையைப் பார்த்தார். நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

"ஏன்டா சொன்ன? துரை சும்மா விடுவாரா?" என்றான் செல்வம், அவர் போனதும்.

"உனக்காக ஒண்ணும் சொல்லல. போடா."

5. மிச்சம்

துரை திட்டவில்லை. என்னை மலையிலிருந்து எடுத்து நாற்றங்காலுக்கு மாற்றிவிட்டார். ஓய்வு பெறும்வரை குட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஆனால் அதற்குப் பிறகு மலையில் எந்தக் கவாத்திலும் யாரும் கிளையை அள்ளவில்லை. செல்வத்துக்கும் மற்றவர்களுக்கும் லைசன்ஸ் புதுப்பித்துக் கொடுத்தார்கள். ஓட்டல் கம்பெனி வேறு இடம் தேடிப் போனது.

இப்போது தானா ராத்தா டவுனில் மகள் வீட்டில் இருக்கிறேன். அவ்வப்போது பஸ் பிடித்துச் செல்வத்தின் நிலத்துக்குப் போவேன். அந்த மஞ்சள் மண்ணையும் சாணம் போட்டுக் கறுப்பாக்கிவிட்டான். எங்கள் மலை மண், இப்போது அவன் மண். தக்காளி கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. "எப்டி இருக்கு?" என்று கேட்பான். "பரவால்ல" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது.

இளைய பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கவாத்துக் கிளையை அள்ளாதீர்கள். கீழே பயிர் செய்கிறவனை மறக்காதீர்கள். அவனைப் பார்த்து வயிறு எரிந்தால் எரியட்டும், அதனால் யாருக்கும் நட்டமில்லை.

அந்த ஓட்டல் கடைசியில் அடுத்த பள்ளத்தாக்கில் வந்துவிட்டது. அங்கேயும் முன்பு முட்டைக்கோஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கிறேன். பொறாமைப்பட அங்கே ஓர் ஆள் இல்லை.