குதிருக்குள் தொங்கிய விரால்

செஞ்சியில் பவுனம்மாளைப் போலக் கண்ணிமைக்காமல் பொய் சொல்ல ஆள் கிடையாது. புருஷன் போனபின் அரைக் காணி நிலத்தையும் ஒரே மகள் வசந்தாவையும் காப்பாற்றியது அந்த வாய்தான். தன் கொள்ளுப்பாட்டன் கையால் கோட்டை ராஜா மோர் வாங்கிக் குடித்ததாகச் சொல்வாள். எந்த ராஜா என்று கேட்டால், "அப்ப நீ பொறந்தே இருக்க மாட்ட, உனக்கு இன்னா தெரியும்?" என்பாள். கெட்டிக்காரி!

வசந்தாவுக்கு வந்த இரண்டு வரனும் காலிக் குதிரால்தான் தட்டிப்போயின. நெல் கொட்டி வைக்கும் அந்த ஆளுயர மண்குதிருக்குள் எட்டிப் பார்க்காமல் எந்த மாப்பிள்ளை வீட்டாரும் தட்டு மாற்றுவதில்லை. அதனால் பனமலையிலிருந்து மூன்றாவது வரன் வந்தபோது, "கழுத்து வரைக்கும் நெல்லு கெடக்குது" என்று தரகரிடம் அளந்துவிட்டாள். அவர்கள் வருவதற்குள் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கி நிரப்பிவிடலாம் என்று நினைப்பு. இதுவும் கைநழுவினால் மகளுக்குக் கல்யாணமே நடக்காது என்ற பயம் அவளை அரித்தது.

வந்தது பாருங்கள் ஐப்பசி மழை! ஏரி உடைந்து பயிர் முழுகிப்போனது. வயலில் மிஞ்சியது விரால் மீன்தான். வெயிலைக் காணோம், கருவாடு போட வழியில்லை. அதற்காக மீனை விட்டுவிடுவாளா? வயிற்றைக் கீறிக் கழுவி, உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தாள். காலையில் நீரை வடித்து, காலிக் குதிரின் வாயில் குறுக்கே மூங்கில் குச்சி வைத்து வரிசையாகத் தொங்கவிட்டாள். அடியில் ஒரு சட்டி நெருப்பு. அதன்மேல் தேங்காய் மட்டை, உமி. புகையிலேயே வெந்து காயட்டும் என்று மூடியைப் போட்டு, சாயங்காலம் வரை உமி தூவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால், வாசலில் பனமலைக்காரர்கள்.

"நாளைக்குக் கரிநாளாம், அதான் இன்னைக்கே வந்துட்டோம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா கோவிந்தசாமி.

பவுனம்மாள் பாயை விரித்துத் திரும்புவதற்குள், அவர் மனைவி தைலம்மாள் நேராக உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே ஓடினாள் பவுனம்மாள். அதற்குள் தைலம்மாள் குதிரின் மூடியைத் திறந்துவிட்டாள். குப்பென்று புகை.

"இன்னாம்மா இது?"

பொய் சொல்ல வாயைத் திறந்தாள் பவுனம்மாள். இருமல்தான் வந்தது. கண்ணில் நீர் முட்ட, "நெல்லு ஒரு மணி கூட இல்லம்மா. பயிரு போச்சி, மீனுதான் மிச்சம். இதுக்காக எம்பொண்ண வேணாம்னுடாதீங்க" என்றாள். ஆயுசில் அவள் சொன்ன உண்மைகளில் அதுதான் பெரியது.

தைலம்மாள் ஒரு விராலில் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு விள்ளலும் போட்டுக்கொண்டாள்.

"இந்த மீனு அத்தினியும் எங் கூடைக்கு வந்துடணும்" என்று காதோரம் சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

"கைய வுட்டேங்க, முழங்கை வரைக்கும் நெல்லு" என்றாள் புருஷனிடம்.

"இன்னாடி இப்டி பொகை நாறுது?"

"பூச்சி வராம இருக்க வேப்பந்தழை பொகை போட்டிருக்காங்க. நம்ம வூட்ல யாருக்குத் தெரியுது இதெல்லாம்?"

கோவிந்தசாமி தலையாட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். பவுனம்மாள் குதிரின் மூடியை இழுத்து மூடினாள். வேப்பந்தழை தனக்குத் தோன்றவில்லையே! சந்தோஷத்தில் சிரிப்பதா, இப்படியொரு மாமியாரிடம் போகும் மகளை நினைத்து அழுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. இனி சாகும்வரை இந்தச் சம்பந்தியிடம் தன் பொய் ஒன்றுகூடச் செல்லாது.