வரப்பில் கழன்ற செருப்பு

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூரில், விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். பிறர் வயல்களில் நடவு நட்டே என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். நான் மின் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சொந்தமாக ஒரு சிறு வயல் வாங்கினோம். அதில் முதல் நாற்றைத் தம் கையால் ஊன்ற வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

அந்நாட்களில் வரப்பில் ஏறும்போதெல்லாம் அம்மாவின் இடது செருப்பு கழன்று விழும். வயலுக்குள் செருப்போடு இறங்காத ஊர் எங்களுடையது. அவரே கழற்றிவிடுகிறார் என்று நினைத்தோம். தெருவிலும் கழன்றபோது, அளவு பெரிது என்று தம்பி சிறிய செருப்பு வாங்கி வந்தான். பிறகு கட்டைவிரல் தரையில் தட்டத் தொடங்கியது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை.

நரம்பு மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சர்க்கரை இல்லை. வைட்டமின் பி12 குறையவில்லை. முதுகுத்தண்டின் தட்டு (டிஸ்க்) விலகி நரம்பை அழுத்தவில்லை. நாற்றுப் பறிக்க நெடுநேரம் குந்தியிருப்பவர்களுக்கு முழங்காலின் வெளிப்பக்கத்தில் நரம்பு நசுங்குவது உண்டாம்; பெரும்பாலும் சரியாகிவிடுமாம். அதுவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதுவும் இல்லை. தசைகளை இயக்கும் நரம்பணுக்களே அழிந்துகொண்டிருந்தன.

தசை மோட்டார், நரம்பு வயர் என்று பம்புசெட்டை வைத்து அம்மாவுக்கு விளக்கினேன்.

“அப்ப மோட்டாரு நல்லாருக்கு, வயருதான் போச்சு. வேற இழுக்க முடியாதா?”

“முடியாதும்மா.”

“சரி. நடவு வரைக்கும் தாங்குமான்னு கேளு.”

கைகள் தாங்கின, கால்கள் தாங்கவில்லை. நடவன்று, அம்மாவோடு காலமெல்லாம் நடவு நட்ட பெண்கள் அவரை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப்போய் ஈசானி மூலையில் வைத்தார்கள். நாற்காலி சேற்றில் புதைந்து ஒருபக்கம் சாய்ந்தது.

“இதுக்கும் காலு விளங்கல போலருக்கே!” என்றார் அம்மா.

“யக்கா, ஒனக்கு வாய் மட்டும் கொறையல. குனிஞ்சு நடு, நாங்க புடிச்சிக்கிறோம்” என்றார் ஒருவர்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே பிடித்திருக்க, அம்மா முதல் நாற்றை ஊன்றினார். அந்த நெல் வீட்டுக்கு வந்த பிறகு, மூச்சுக்கான தசைகளும் ஓய, அமைதியாகக் கண்மூடினார்.

வீடு தேடி வந்து பயிற்சி தந்த இயன்முறை மருத்துவருக்கும், அம்மாவைத் தூக்கிய கைகளுக்கும் எங்கள் நன்றி. உங்களில் யாருக்கேனும் பாதம் துவண்டால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். குணமாகும் காரணங்களும் பல உண்டு.

வரும் சம்பாவுக்கும் முதல் நாற்று அதே மூலையில்தான். எல்லோரும் வாருங்கள். வரப்பில் செருப்பை நீங்களேதான் கழற்றுகிறீர்களா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன்.

– மகள்