சித்தியின் மன்றாட்டும் என் ஐம்பதாயிரம் சொற்களும்

கலகெதர வளைவுகளில் வேன் இறங்கத் தொடங்கியதும் அம்மாவுக்குக் குமட்டும். எத்தனை தடவை போனாலும் அந்த இடத்தில் அது தவறியதில்லை. மடுவுக்குப் போன அந்த ஓகஸ்ட் மாதப் பயணத்திலும் அப்படித்தான். பின் சீற்றில் சித்தி நடுவில் இருந்தார். ஒரு பக்கம் அவருடைய அக்காவான என் அம்மா, மறுபக்கம் நான். இடது கையால் அம்மாவின் வாய்க்கு நேரே சொப்பிங் பேக்கைப் பிடித்திருந்தார். வலது கையை விரித்து என் போன் திரையில் வெயில் விழாமல் மறைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு நாவலின் பதினோராவது அத்தியாயத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். காலையில் தின்ற ரொட்டியும் கட்டச் சம்பலும் புளித்து வெளியே வந்த வாடை வேன் முழுக்க நிறைந்தது. நான் தலையைத் தூக்கவில்லை. "நீ எழுது தம்பி, அக்காவ நான் பாத்துக்கிறேன்" என்றார் சித்தி. அந்த வாடையும் அந்தக் கையின் நிழலும் சேர்ந்தே நினைவில் வருகின்றன. இப்போது குமட்டுவது எனக்கு.

முகநூலில் தமிழில் எழுதுகிறவர்கள் சிலர் நடத்தும் ஒரு குழுவில் அந்த மாதம் நான் சேர்ந்திருந்தேன். முப்பத்தொரு நாளில் ஐம்பதாயிரம் சொற்களில் ஒரு நாவலை முடிக்க வேண்டும். அதுதான் சவால். ஒவ்வொரு மாலையும் அன்றைக்கு எழுதிய சொற்களின் எண்ணிக்கையைப் பதிவிட்டால் நம் பெயருக்கு எதிரே ஒரு பச்சைக் கோடு ஏறும். பிந்தியவர்களின் கோடு சிவப்பாகும். இதை இப்போது எழுதும்போது சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரிகிறது. அன்று எனக்கு அப்படியில்லை. மஹய்யாவவில் எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மாநகர சபையில் வடிகான் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவும் சித்தியும் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, கண்டியிலேயே பெரிய வீடுகளில் வேலைக்கு விடப்பட்டவர்கள். அந்த வீட்டிலிருந்து ஒரு நாவல் வந்தால் எங்கள் எல்லோருக்கும் முதுகு நிமிரும் என்று மனதார நம்பினேன்.

நான் ஆசிரிய உதவியாளர் என்பதால் ஓகஸ்டில் லீவு. எங்கள் வீட்டில் லீவு என்றால் வேலையில்லை என்று அர்த்தம். வேலையில்லாதவனை எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம். மாதத் தொடக்கத்தில் கண்டிப் பெரஹரா ஊர்வலம் பார்க்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்து பாய் விரித்தார்கள். அவர்கள் போன கையோடு மடு மாதா கோயில் திருவிழா. மாதக் கடைசியில் திருகோணமலை. வேனுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார் அப்பா. நான் வர முடியாது என்றதற்கு, "வேன்ல உக்காந்துகிட்டு எழுத வேண்டியதுதானே, உன்ன யாரு ஸ்டியரிங் பிடிக்கச் சொன்னது" என்றார். ஆக, பைலா பாட்டுக்கு நடுவிலும், லஞ்ச் ஷீட்டில் வியர்த்துப்போன சோற்றுக்கு முன்னாலும், யாத்திரிகர்களின் கழிப்பறை வரிசையில் மூக்கைப் பொத்திக்கொண்டும் எழுதினேன். எழுதியது என்னவென்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மழை பெய்தது என்பதை மூன்று பத்தியாக இழுத்தேன். கதாநாயகி தேநீர் குடிக்க முந்நூறு சொற்கள் எடுத்துக்கொண்டாள்.

மடுவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதாவின் மன்றாட்டுப் பெட்டியில் போடுவதற்கு ஒவ்வொருவரும் தங்கள் வேண்டுதலைத் தாளில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதுவது நான். ஏழாம் வகுப்பில் தொடங்கிய வேலை. மரத்தடியில் நான் உட்கார்ந்திருப்பேன். ஒருவர் பின் ஒருவராக வந்து பக்கத்தில் குந்தி, காதோடு சொல்வார்கள். நான் சொன்னபடியே எழுதி, திருப்பி வாசித்துக் காட்டி, மடித்துக் கையில் கொடுப்பேன். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது. அப்பாவின் மூல வியாதியும், அம்மாவுக்கு மாமியாரோடு இருந்த பழைய மனத்தாங்கலும் எனக்குத் தெரியும். அதை நான் வெளியே காட்டிக்கொண்டதில்லை. அப்படி இருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவுமில்லை. அது எனக்கே தெரிந்திருந்தது.

அந்த வருடம் சித்தி கடைசியாக வந்தார். சித்தப்பா கட்டாரில் வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் சுகமாகத் திரும்பி வர வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டுச் செபத்தின் முதல் வரி. அதையே எழுதப்போகிறோம் என்று பேனாவைத் திறந்தேன். சித்தி கொஞ்ச நேரம் மண்ணைக் கீறிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"மாதாவே, எல்லாரும் அவரு வரணும்னு கேக்குறாங்க. நானும் வாயால அதத்தான் கேக்குறேன். நீங்க அதக் காதுல வாங்காதீங்க. அவரு அங்கயே நோய் நொடியில்லாம நல்லா இருக்கட்டும். இங்க வர வேணாம். இந்த மூணு வருசமாத்தான் நான் செவுத்துப் பக்கம் திரும்பாம நிமிந்து படுக்கிறேன்."

நான் எழுதினேன். வாசித்துக் காட்டினேன். சித்தி தலையாட்டி, தாளை எட்டாக மடித்து, "சின்னவளுக்கு மட்டும் தெரியக் கூடாது தம்பி. அவளுக்கு அப்பான்னா உசுரு" என்றார். சின்னவள் என்பது அவருடைய ஒரே மகள், என் தங்கை முறை. அந்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுதவிருந்தவள். சித்தி எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, பெட்டியை நோக்கிப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது வேறு. இது நல்ல அத்தியாயம் என்ற எண்ணம் வந்தது.

அன்றைக்கு என் கோடு சிவப்பாக இருந்தது. ஒன்பதாயிரம் சொற்கள் பின்தங்கியிருந்தேன். திரும்பி வரும் வழியிலேயே தொடங்கிவிட்டேன். வேன் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டும்போது சித்தியின் மன்றாட்டு ஓர் அத்தியாயமாகியிருந்தது. அடுத்த மூன்று நாளில் அதை ஏழாயிரம் சொற்களாக ஊதிப் பெருக்கினேன். சித்தி சொன்னதை அப்படியே வைத்தேன். அதைவிட நன்றாக என்னால் எழுத முடியவில்லை. அதைச் சுற்றி என் சரக்கை அடுக்கினேன். அவர் சொல்லாத அடிகளை நான் அடித்தேன். அவர் காட்டாத தழும்புகளுக்கு நிறம் பூசினேன். சுவரைப் பற்றி மட்டும் நான்கு பக்கம். கதாநாயகிக்கு வேறு பெயர், ஊர் கொழும்பு, கணவன் துபாயில். சாணியில் மொய்க்கும் ஈயைப் போல் அந்த மூன்று நாளும் ஒரு மனுசியின் படுக்கையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மனதுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரத்தின் சிறந்த அத்தியாயம் என்று அதைக் குழுவின் பக்கத்தில் என் பெயரோடு போட்டார்கள். கீழே அழுகிற முகங்களாக வரிசை. "வலி சொட்டும் எழுத்து" என்றார் ஒருவர். "எப்படித்தான் ஒரு பெண்ணின் மனதுக்குள் புகுந்தீர்களோ" என்று கேட்டார் இன்னொருவர். கவனிப்பு என்று பதில் எழுதினேன். கவனிப்பாம். எங்கள் வீட்டில் யாரும் இதையெல்லாம் வாசிக்க மாட்டார்கள் என்ற தைரியம் எனக்கு இருந்தது. படித்தவன் என்ற திமிரின் அழுகிய பக்கம் அதுதான். எழுதத் தெரியாதவர்களுக்கு நடப்பதும் தெரியாது என்று எங்கோ உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன். அதிலும், சின்னவளுக்குத் தமிழ் இலக்கியம் சொல்லிக் கொடுத்து, நிறுத்தி வாசிக்கப் பழக்கியதே நான்தான்.

திருகோணமலைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு கட்டாரிலிருந்து அழைப்பு வந்தது. சித்தப்பாவின் ஒப்பந்தம் முடிகிறது, டிசம்பரில் வருகிறார். வேனில் அதே பேச்சு. மாதா கேட்டுவிட்டாள் என்று அம்மா பத்துத் தடவை சொல்லியிருப்பார். சித்தியும் சிரித்துக்கொண்டிருந்தார். ஹபரணை தாண்டிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியபோது, சின்னவள் முன் சீற்றிலிருந்து திரும்பி, அண்ணனின் கதை பேஸ்புக்கில் வந்திருக்கிறது, எத்தனை பேர் பாராட்டியிருக்கிறார்கள் தெரியுமா என்றாள். வேண்டாம் என்றேன். கூச்சம் என்று நினைத்தார்கள். "வாசி மகள், பெரியப்பாவும் கேக்கட்டும். இவன் மாசம் பூரா அந்தப் போன எதுக்கு நோண்டினான்னு பாப்போம்" என்றார் அப்பா. டிரைவர் பாட்டை நிறுத்தினார்.

அவள் நன்றாக வாசித்தாள். நான் பழக்கியபடி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி. கோயில், மரத்தடி, பெண், தாள். அம்மா, "மடு மாதிரியே இருக்கே" என்று பெருமையாகச் சொன்னார். சித்தி சிரிப்பை நிறுத்தவில்லை, ஆனால் அது முகத்தில் காய்ந்துகொண்டிருந்தது. காதில் வாங்காதீங்க என்ற இடம் வந்தது. வர வேணாம் என்ற இடம் வந்தது. "இந்த மூணு வருசமாத்தான் நான் செவுத்துப் பக்கம்" என்று வாசித்தவளின் குரல் அங்கே நின்றது. அவர்கள் வீட்டில் ஓர் அறைதான். தாய் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏன் நிப்பாட்டிட்ட?" என்றார் அப்பா.

"சார்ஜ் முடிஞ்சிருச்சு பெரியப்பா."

போனின் வெளிச்சம் அவள் தாடையில் அப்படியே விழுந்துகொண்டிருந்தது. நல்ல இடத்தில் செத்துப்போச்சே என்று அப்பா சிரித்தார். டிரைவர் மறுபடி பாட்டைப் போட்டார். அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். திருகோணமலை வரைக்கும் அவள் பின்தலையைத்தான் பார்த்தேன். சித்தியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலாவெளியில் எல்லோரும் கடலில் இறங்கினார்கள். சின்னவள் தூரத்தில் தனியே நின்றாள். தாயை அவள் கிட்டே சேர்க்கவில்லை. சித்தி போய்ப் பேசிப் பார்த்துவிட்டுத் திரும்பி, சோற்றுப் பார்சல் குப்பையை ஒரு பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"பேர மாத்தித்தான் எழுதினேன் சித்தி."

இதுவரை நான் பேசியவற்றில் இதைவிட அருவருப்பான ஒரு வாக்கியம் இல்லை.

"பேர மாத்தினா செவுரு மாறிருமா?" என்றார் சித்தி. குரலை உயர்த்தவில்லை. பையின் வாயைக் கட்டி முடித்தபிறகுதான் என்னைப் பார்த்தார். "எழுதத் தெரிஞ்சவன்னு நான் உங்கிட்ட வரல தம்பி. எழுதத் தெரிஞ்சவங்க கோயில் வாசல்ல எத்தனையோ பேரு இருந்தாங்க. நீ சொல்ல மாட்டேன்னுதான் வந்தேன்."

இதோடு முடிந்திருந்தால் என்னை நானே கொஞ்சமாவது பொறுத்துக்கொள்வேன். அந்த அத்தியாயத்தை அன்றைக்கே நீக்கச் சொல்லியிருக்க வேண்டும். மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. நீக்கினால் ஏழாயிரம் சொற்கள் குறைந்து, கோடு மறுபடி சிவப்பாகும். நீக்கவில்லை. மகள் கிட்டே சேர்க்காமல், தங்கிய இடத்தில் சித்தி ஒரு மூலையில் உட்கார்ந்து சோறு உண்ட அந்த மூன்று நாளும், நான் இன்னொரு மூலையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் திகதி ஐம்பதாயிரத்தைத் தாண்டினேன். பச்சைக் கோடு நிறைந்ததும் திரையில் காகிதப் பூ கொட்டியது. அதற்குப் பிறகுதான் நீக்கச் சொன்னேன். நாவலின் உயிரே அதுதானே என்று ஒருங்கிணைப்பாளர் வருத்தப்பட்டார். சான்றிதழை அப்பா டவுனுக்குக் கொண்டுபோய் லெமினேட் பண்ணி, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஆணி அடித்தபோது நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்கு நான் எதையும் சொல்லவில்லை.

சித்தப்பா டிசம்பரில் வந்தார். பெரிய டீவி, ஆளுக்கொரு போர்வை, எனக்கு ஒரு பேனா. தோளில் தட்டி, "கதை எழுதுறியாமே? என் கதையையும் எழுதேன், கட்டார்ல நான் பட்ட பாட்டை எழுதினாலே நாலு புத்தகம் வரும்" என்றார். இப்போதெல்லாம் உறவுக்காரர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். என்னையும் போடு, என்னையும் போடு என்று. நான் சிரித்துச் சமாளிக்கிறேன். அச்செடுத்த நாவல் ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. அந்த அத்தியாயம் இல்லாமல் அது வெறும் மழையும் தேநீரும்தான். சின்னவள் பாடம் கேட்க வருவதில்லை. தாயோடு பேசத் தொடங்கிவிட்டாள் என்று அம்மா சொன்னார். சித்தப்பா வந்து ஒரு மாதத்துக்குப் பிறகு தானாகவே தொடங்கினாளாம். ஏன் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவில் பாயை விரித்து இப்போது அவள் படுக்கிறாளா, அந்த அறையில் யார் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் இல்லை.

சித்தி என்னோடு கோபமாக இல்லை. கோபமாக இருந்தாலாவது போய் நிற்கலாம். போனால் கதிரையை இழுத்துப் போடுகிறார், தேநீர் தருகிறார், சாப்பிட்டாயா தம்பி என்று கேட்கிறார். பருப்பு விலை, பஸ் கூட்டம், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பெய்த மழை என்று நிறையவே பேசுகிறார். கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். தெருவில் போகிற யார் காதில் விழுந்தாலும் பாதகமில்லாத பேச்சு அது.