வரைபடத்துக்குள் விழுந்த அடிபம்பு

எழுபதுகளின் கடைசியில் கல்கத்தாவில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம். ஹவுராவிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தமிழைவிட வங்காளம்தான் சரளம். மதுரைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த அதிகாரிக்கோ வங்காளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. அதனால்தான் மேஜையில் வரைந்துகொண்டிருந்தவளான என்னை, பேச்சுக்குத் துணையாக அவரோடு வெளியே அனுப்பினார்கள்.

நகரத்தின் கிழக்கு ஓரத்தில், தோல் பதனிடும் கூடங்களின் கழிவுநீர் ஓடும் கால்வாய் ஒன்று இருந்தது. அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் எவ்வளவு தூரம் ஊறிப் போயிருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. நான்கு இரும்பு முளைகளை வரிசையாக அடித்து, வெளி இரண்டில் மின்சாரம் செலுத்தி, நடு இரண்டில் மீட்டர் பார்ப்போம். உப்பும் ரசாயனமும் ஊறிய மண்ணில் மின்சாரம் சுலபமாக ஓடும். மீட்டரில் எண் இறங்கிவிடும்.

வெயிலில் மண் காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு முளையின் அடியிலும் தண்ணீர் ஊற்றினால்தான் மீட்டர் சரியாகக் காட்டும். கரையோரக் குடிசைகளுக்கு நடுவே இருந்த அடிபம்பிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து வந்தவள், அங்கே பீடி சுற்றிப் பிழைத்த ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். நாங்கள் கேட்டு அவள் செய்யவில்லை. மதியத்தில் அதே தண்ணீரில் டீயும் போட்டுத் தருவாள்.

ஒன்பதாம் நாள் எங்கள் வரிசை அந்தப் பம்பை எட்டியது. கால்வாய்க் கரையில் இறங்கிய அளவுக்கு இங்கேயும் எண் இறங்கியது. அதிகாரி மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி எடுத்தார். அதே எண். என்னவென்று அவள் கேட்டாள். சொல்லலாமா என்று அவரிடம் தமிழில் கேட்டேன்.

"இப்ப ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. களிமண்ணா இருந்தாலும் மீட்டர் இப்படித்தான் காட்டும். பம்புத் தண்ணிய டெஸ்டுக்கு அனுப்பறேன், ரிசல்ட் வரட்டும்."

மண்ணின் தன்மையைப் பார்க்கிறோம் என்று அவளிடம் சொல்லி வைத்தேன். டீ வந்தது. அவர் வயிறு சரியில்லை என்று மறுத்துவிட்டார். நான் குடித்தேன். குடித்ததால் எதையோ ஈடுகட்டிவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் முடிவு வந்தது. களிமண் இல்லை. மாசின் எல்லைக்கோட்டை மையால் இழுத்தது நான்தான். பம்பு கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்தது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், பம்பை மூட வேண்டும், குழாயில் நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தோம். மூடுவது சுலபம். துர்கா பூஜை விடுமுறைக்கு முன்பே ஆட்கள் வந்து கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழாய் வரவில்லை.

கேள்விப்பட்டு நான் தனியாகப் போனேன். கால்வாயை ஒட்டிய குட்டையில் அவள் குடத்தை முக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், அன்றைக்கே எங்களுக்குச் சந்தேகம் வந்ததையும் சேர்த்து. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கே சொல்லியிருந்தாலும் வேற எங்க போயிருப்பேன், தீதி?" என்று வங்காளத்தில் கேட்டாள். தீதி என்றால் அக்கா. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்ட பிறகு, "அந்தக் கைப்பிடியையாவது திருப்பிக் கொடுக்கச் சொல்லு" என்றாள்.

அதிகாரியிடம் சொன்னேன். குழாய்க்காக இரண்டு கடிதம் எழுதினார். பதில் வருமுன் அவருக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. குடிசைக்காரர்கள் காத்திருக்கவில்லை. எங்கிருந்தோ ஓர் இரும்புத் தடியை வாங்கி வந்து பம்பில் பொருத்திக்கொண்டார்கள். குளிர்காலம் வருவதற்குள் எல்லோரும் பழையபடி அதையே குடித்தார்கள்.

அடுத்த கோடையில் மறு ஆய்வு நடந்தது. புதிய அதிகாரி வங்காளி. நான் தேவைப்படவில்லை. எண்கள் மட்டும் மேஜைக்கு வந்தன. கோடு கிழக்கே நகர்ந்திருந்தது. பழைய எல்லைக்கோட்டைப் பிளேடால் சுரண்டிவிட்டுப் புதியதை இழுத்தேன். எத்தனை வீடுகள் உள்ளே வந்தன என்று எனக்குத் தெரியாது. அந்த வரைபடங்களில் வீடுகளைக் குறிக்கும் வழக்கம் இல்லை.