நீச்சல் குளத்தில் கொட்டிய ரப்பர் பால்

இலங்கையின் கித்துல்கலயில் ஒரு பங்களாவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பின்பக்கத்து நீச்சல் குளத்தில் தினமும் தண்ணீர் குறைந்தது. எங்கே ஒழுகுகிறதென்று மூன்று நாள் முங்கி முங்கித் தேடியும் அகப்படவில்லை. முதலாளி போனில் கிழிகிழியென்று கிழித்தார். கீழே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு. அந்த ஆட்கள்தான் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். நானும் அதே லயத்தில் பிறந்தவன்தான். அந்த ஈனப் புத்தி எங்கிருந்து வந்ததோ!

மறுநாள் பத்து மணியிருக்கும். ரப்பர் பால் வெட்டும் மாரிமுத்து வாளியோடு குளத்தோரம் வேகமாக வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் என் கையிலிருந்த இரும்புக் குழாயால் முகத்திலேயே அடித்தேன். விழுந்தவனை மிதித்தேன். வாளி உருண்டு குளத்துக்குள் கொட்டியது. அதில் இருந்தது அவன் காலையிலிருந்து சேர்த்த பால். வெள்ளையாகப் பரவிய பால் ஒரு நூலாக இழுபட்டு, குளத்துச் சுவரில் பதித்திருந்த விளக்குக்குக் கீழே இருந்த வெடிப்புக்குள் போனது.

மூன்று நாளாகத் தேடிய ஓட்டை அதுதான்.

மாரிமுத்து ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான். "அண்ணே, எங்க லயத்துக்குப் பின்னால மண்மேட்டுல தண்ணி ஊறுதுங்க. சரிஞ்சுடும் போல இருக்கு. அதச் சொல்லத்தான் ஓடியாந்தேன்."

அன்றே குளத்தை இறைத்து வெடிப்பை அடைத்தேன். ஒழுகல் நின்றதால் மண்மேடும் சரியவில்லை. மாரிமுத்து இன்றைக்கும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பல் இல்லாத இடம் தெரிகிறது.