ஏலம் போன கணக்கு

எங்கள் ஒன்றாம் வகுப்பு காசிமேட்டுக் கடற்கரையில் ஓர் ஓலைக் கொட்டகையில் நடந்தது. வெள்ளைக்காரன் கப்பலேறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கட்டுமரங்கள் கரைக்கு வந்தால் பாதி வகுப்பு எழுந்து ஓடிவிடும். மீன் ஏலம் முடிந்ததும், கால் நிறைய ஈர மணலோடு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து 'அ' எழுதும்.

டீச்சர் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய அப்பாவுக்கு ராயபுரத்தில் மளிகைக்கடை. வந்த புதிதில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அணிலும் ஆடும் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் மாதமே முந்தானை இறங்கிவிட்டது. எங்களை அடிக்கவே மாட்டார். அதற்கு முன்பிருந்த வாத்தியார் திருகிய திருகில் எங்களில் பல பேருக்கு ஒரு காது மற்றதைவிட நீளம். அதனால் டீச்சர் மேல் உயிரையே வைத்திருந்தோம்.

ஆனால் அவர் தற்காலிகம்தான். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிலைக்கும். முந்தின நாளே கெஞ்சாத குறையாகச் சொன்னார்: "நாளைக்கு ஐயா கேக்கதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும், பிள்ளேளா. இல்லன்னா பழைய வாத்தியார்தான் திரும்ப வருவாரு."

எல்லோருக்கும் கை தானாகக் காதுக்குப் போயிற்று.

மறுநாள் தலைமை ஆசிரியர் பின்தொடர இன்ஸ்பெக்டர் வந்தார். என்னைப் பார்த்து, "ஏழும் அஞ்சும் எவ்வளவு?" என்றார்.

பன்னிரண்டு என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிற என் அம்மாவின் பாலபாடம் வேறு: "எவ்ளோன்னு கேட்டா, எட்த எட்ப்புல முழுசா சொல்லிடாத. அவன் தலையில மொளகா அரைச்சிருவான்." ஆகவே நிதானமாக, "பத்து" என்றேன்.

இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார். ஏலக்காரரும் அப்படித்தான் உயர்த்துவார். பக்கத்துப் பையன் "பதினொண்ணு" என்றான். அடுத்தவன், "பன்னெண்டு."

"வேற யாராவது?" என்று சோதித்தார் மனிதர். கேட்கலாமா அப்படி?

"பதிமூணு!" "பதினஞ்சு!" "பதினெட்டு!" கடைசி வரிசையில் மூக்கொழுகிக்கொண்டிருந்த சின்னப் பெண் எழுந்து, "இருவது, கூடையோட!" என்றாள்.

"பாடம் நடத்துறீங்களா, மீன் விக்கிறீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர். தலைமை ஆசிரியர் பல்லைக் கடித்தார். டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. அவரைப் பார்த்த பிறகுதான் என் கை மறுபடியும் காதுக்குப் போயிற்று.

டீச்சர் முன்னால் வந்து எங்கள் பக்கம் திரும்பினார். பிறகு, "பிள்ளேளா, ஏலம் இல்ல. ஒரு கூடையில ஏழு வஞ்சிரம். இன்னொண்ணுல அஞ்சு. எண்ணிச் சொல்லுங்க" என்றார்.

"பன்னெண்டு!" கொட்டகையே அதிர்ந்தது. விலையில் விளையாடலாம். எண்ணிக்கையில் விளையாடினால் எங்கள் கரையில் மண்டை உடையும்.

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க இங்க இருக்க வேண்டியவங்களே இல்லம்மா. டவுன்ல பெரிய ஸ்கூலுக்கு மாத்தி எழுதுறேன்."

சரியாகச் சொன்னதற்கா இந்தத் தண்டனை? எனக்கு வந்த ஆத்திரத்தில் சிலேட்டைத் தரையில் தட்டினேன். "எங்க டீச்சரு! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

"முடிஞ்சிபோச்சி!" என்றது வகுப்பு. மூன்று தரம் சொன்ன பிறகு கவர்னரே வந்தாலும் எங்கள் கரையில் கூடை கை மாறாது.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது உன் தப்பு, நைனா" என்றேன். தலைமை ஆசிரியர் கிள்ளிய தழும்பு தொடையில் நெடுநாள் இருந்தது.

டீச்சர் கொட்டகையின் ஓலைக் கூரையை அண்ணாந்து பார்த்தார். டவுன் பள்ளி என்றால் ஓட்டுக் கட்டடம், மின்விசிறி. கடைசியில் மெதுவாக, "ஏலம் முடிஞ்சா முடிஞ்சதுதான், ஐயா. நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

இருந்தார். நான் மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம், தூத்துக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, இத்தனை பவுன், இவ்வளவு ரொக்கம் என்று பேசி முடித்து, அவரை அழைத்துக்கொண்டு போனார்கள். அந்த ஏலத்துக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை.